தெருவுக்கு ஒரு குளிர்க்குழாய்

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில், கிணறு இன்னும் தூர்க்கப்படாமல் தப்பியிருக்கும் சிலவற்றில், மார்கழி விடியற்காலையில் இறைத்த முதல் வாளித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதையும், அதே தண்ணீரை அக்கினி நட்சத்திரத்து நடுப்பகலில் தலையில் ஊற்றிக்கொண்டால் உடம்பு சிலிர்க்கும் என்பதையும், அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒருவரும் பௌதிக சாஸ்திரம் கொண்டு நிரூபிக்க வேண்டியதில்லை. தண்ணீரின் உஷ்ணம் மாறுவதில்லை. மாறுவது நம்மைச் சூழ்ந்த காற்றுதான். தரைக்குக் கீழே சில ஆள் ஆழம் போய்விட்டால், மேலே கோடை கொளுத்தினாலும் ஐப்பசி மழை கொட்டினாலும், சென்னை மண் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 28, 29 டிகிரியில், அதாவது இந்நகரத்தின் ஆண்டுச் சராசரி உஷ்ணத்தை ஒட்டியே, நின்றுவிடுகிறது.

பூமியின் இந்த ஸ்திரமான குணத்தையும், அதற்கும் ஆழத்தில் அது வைத்திருக்கும் வெப்பத்தையும், குளிர்தேசத்து மக்கள் வெகுநாளாகவே தங்கள் வீடுகளுக்குப் பயன்படுத்தி வருகிறார்கள். ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக், 1930-இல் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் குழாய் போட்டு, ஒரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு மருத்துவமனைக்கும் சில பத்து வீடுகளுக்கும் வெப்பம் கொடுக்கத் தொடங்கியது. இன்று அந்நாட்டு வீடுகளில் பத்துக்கு ஒன்பது அவ்விதமே கதகதப்பாக இருக்கின்றன. வெந்நீர் ஊற்று இல்லாத ஊர்களும் சும்மா இருந்துவிடவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரில், எரிவாயு விற்பதைத் தொழிலாகக் கொண்ட ஒரு கம்பெனி, மாநில ஒழுங்குமுறை அதிகாரிகளின் சம்மதத்தோடு, ஆழ்துளைகளை இட்டு அவற்றின் வழியே நீரைச் சுற்றவிட்டு, வீடுகளும் ஒரு தீயணைப்பு நிலையமும் அடங்கிய 36 கட்டடங்களை ஒரே குழாய் வளையத்தில் கோத்து, 2024-இல் அதை இயக்கிக் காட்டியிருக்கிறது. நம் தேசத்திலும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே வெந்நீர் கொப்பளிக்கும் இடத்தில், ஓ.என்.ஜி.சி. நிறுவனமும் லடாக் நிர்வாகமும் லே மலை வளர்ச்சிக் கவுன்சிலும் 2021 பிப்ரவரியில் முத்தரப்பு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஐஸ்லாந்துக்காரர்களின் யோசனையையும் துணைக்கு வைத்துக்கொண்டு துளையிடப் புறப்பட்டன. சர்க்காரும் கம்பெனிகளும் கைகோத்துக்கொண்டு பூமிக்குள் இறங்குவது இப்போது பல தேசங்களில் நடக்கிற காரியமாகிவிட்டது.

இவற்றைப் படித்துவிட்டு, நம் நகரத்திலும் அப்படி ஏதாவது செய்யலாகாதா என்று கேட்கும் உற்சாகிகளுக்கு, முதலில் வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய ஏடுகளைக் காட்ட வேண்டும். நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த உஷ்ணம் 13.9 டிகிரி, அந்த அளவுக்கு இறங்கியது 1905 ஜனவரியில். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும், மார்கழியில் சபாவுக்குப் போகிறவர்கள் சால்வையை எடுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் சம்பிரதாயத்துக்காகவும், சபாவின் ஏ.சி.யை உத்தேசித்துமே அன்றி, குளிருக்கு அஞ்சியன்று. மறுபுறம், 2003 மே மாதக் கடைசியில் இதே நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்தது. ஆகவே குளிர்நாட்டார் செய்த ஏற்பாட்டை நாம் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். பூமியின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதன்று, வீட்டின் வெப்பத்தை வெளியே எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதே நமது பிரச்சினை. அதையும் வீட்டுக்கு வீடு தனித்தனியே செய்யாமல், தெருவுக்குத் தெரு சேர்ந்து செய்வதுதான் உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

குளிரைப் பொதுவில் பங்கிட்டுக்கொள்வது இந்நகரத்துக்குப் புதிதன்று. கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரோடு நிற்கும் வட்டவடிவக் கட்டடம், 1840-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டியூடரின் ஐஸ் கிடங்காக எழும்பியது. பாஸ்டன் பக்கத்தில் பனிக்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, பாதி உலகத்தைச் சுற்றி அனுப்பினார்கள். வழியில் கரைந்தது போக மிஞ்சியதே லாபம் தந்தது. 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தபோது நடந்தவை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானவை. கிழக்கிந்தியக் கம்பெனி சர்க்கார் ஐஸுக்குச் சுங்கத்தைத் தள்ளுபடி செய்து, வெயிலில் கரையாமல் இராக்காலத்தில் இறக்கிக்கொள்ளவும் அனுமதி கொடுத்தது; ஊரார் சந்தா சேர்த்துக் கிடங்கு கட்டிக் கொடுத்தார்கள்; சரக்கும் கப்பலும் வியாபாரியினுடையவை. அரசும் ஜனங்களும் தனியாரும் கூடிச் செய்த குளிர் விநியோகம் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? யந்திரத்தால் ஐஸ் செய்யும் வித்தை இங்கேயே வந்து சேர்ந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் கைமாறி வக்கீல் பிலிகிரி ஐயங்காரின் மாளிகையாகி, 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கியது எல்லோரும் அறிந்த சரித்திரம்.

அதற்குப் பின் குளிர் என்பது தனிச் சொத்தாயிற்று. தனிச் சொத்தானதன் விளைவைப் பார்க்க வேண்டுமானால், தியாகராய நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னே கிளை பிரியும் தெருக்களில் ஏதேனும் ஒன்றில், வைகாசி மாதத்து இரவு பத்து மணிக்கு, இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்தில் போய் நின்று பார்க்க வேண்டும். எதிரும் புதிருமான சுவர்களில், மாடிக்கு மாடி, ஜன்னலுக்கு ஜன்னல், இரும்புச் சட்டத்தில் அவுட்டோர் யூனிட்டுகள். ஒன்று ஊதித் தள்ளிய அனலை எதிரே இருப்பது இழுத்து, இன்னும் கொஞ்சம் சூடேற்றித் திருப்பி ஊதுகிறது. கீழே, சொட்டும் ஏ.சி. தண்ணீருக்கு யாரோ வைத்த பிளாஸ்டிக் வாளி நிரம்பி, அதன் ஓரமாகத் தொட்டிச் செடி ஒன்று மாத்திரம் செழிப்பாக இருக்கிறது. வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெரு வாசலுக்கே போய்விட்டார். சந்துக்குள் அவரால் உட்கார முடியவில்லை. “எதிர்ல இருக்கிறதைக் கொஞ்சம் தள்ளி மாட்டச் சொல்லுங்க சார், அந்தச் சூடெல்லாம் இதுக்குள்ளதான் வருது, கம்ப்ரஸர் நிக்கவே மாட்டேங்குது” என்கிறார் பழுது பார்க்க வந்த மெக்கானிக். “அவங்களும் நம்மளைத்தான் தள்ளி மாட்டச் சொல்றாங்கப்பா” என்கிறார் வீட்டுக்காரர்.

மெக்கானிக் சொன்னதில் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. குளிரூட்டும் யந்திரம் குளிரை எங்கிருந்தும் உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவே. தள்ளுகிற இடம் எவ்வளவுக்கெவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அது பிரயாசைப்பட வேண்டும். பிரயாசை என்பது மின்சாரம். 40 டிகிரிக் காற்றிலே தள்ளுவதைக் காட்டிலும் 29 டிகிரி மண்ணிலோ நீரிலோ தள்ளுவது எளிது என்பது சொல்லாமலே விளங்கும். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டதற்கு இத்தகைய சந்துகளின் காணிக்கையும் கொஞ்சமன்று. இதில் நியாயக்கேடும் ஒன்று உண்டு. ஏ.சி. வைத்திருப்பவர் தமது அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தை, ஏ.சி. இல்லாத பக்கத்து வீட்டுக்காரரும், தெருவில் பூக்கட்டி விற்கும் பெண்மணியும், அந்த வாட்ச்மேனும் அல்லவா ஏற்றுக்கொள்கிறார்கள்?

அப்படியானால் ஃபிரேமிங்ஹாமில் செய்ததுபோல் தெருவெங்கும் துளையிட்டு, வீட்டு வெப்பத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டால் போயிற்று என்று தோன்றும். இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். குளிர்தேசத்து மண் ஒரு வங்கிக் கணக்குக்குச் சமானம்: கோடையில் வீட்டார் அதில் வெப்பத்தைப் போடுகிறார்கள், குளிர்காலத்தில் எடுத்துக்கொள்கிறார்கள்; ஆண்டு முடிவில் வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்கட்டிவிடும். சென்னையிலோ பன்னிரண்டு மாதமும் போடுவதே தவிர எடுப்பது என்பது இல்லை. குளிப்பதற்கு வெந்நீர், மருத்துவமனைகளில் துணி வெளுக்க வெந்நீர், கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்கு வெந்நீர் என்று எடுத்தாலும் அது போட்டதில் சொற்பமே. சில ஆண்டுகளில் துளைகளைச் சுற்றியுள்ள மண்ணே சூடேறி, 29 டிகிரி என்ற அனுகூலம் கரைந்துபோகும். மாம்பலம் பகுதியில் பரந்து கிடந்த நெடுங்குளத்தைத் தூர்த்து 1920-களில் உருவாக்கப்பட்ட தியாகராய நகரத்துக் களிமண்ணில் இது இன்னும் விரைவில் நேரும். நிலத்தடி நீர் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் சாந்தோம், பெசன்ட் நகர்க் கடலோர மணலில் சற்றுத் தாமதமாக நேரும். தோட்டமும் சில வீடுகளும் உள்ள ஒரு வளாகத்துக்கு மண் போதும். ஒரு பேட்டைக்குப் போதாது. துளைபோடும் கம்பெனிகள் இதை விளம்பரத்தில் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கடல் இருக்கிறதே என்பார்கள். ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறியிருக்கும் டொராண்டோ நகரம், 2004 முதல் ஒண்டாரியோ ஏரியில் 83 மீட்டர் ஆழத்திலிருந்து 4 டிகிரிக் குளிர்நீரைக் குழாய்களில் கொண்டுவந்து, அதன் குளிரை மாத்திரம் வெப்பமாற்றிகள் வழியே நகரத்துக் கட்டடங்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்த நீரையே குடிநீருக்கு அனுப்புகிறது. அழகான யுக்தி. ஆனால் மெரினாவுக்கு எதிரே உள்ள வங்கக் கடலின் மேல்நீர் நம் கிணற்று நீரைக் காட்டிலும் குளிர்ந்ததன்று. குளிர்ந்த ஆழம் வெகு தூரத்தில் கிடக்கிறது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், ஆழ்கடலின் குளிர்நீரைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் முறையை லட்சத்தீவின் கவரத்தியில் 2005-இல் வெற்றிகரமாக நிறுவிவிட்டு, 2007-இல் சென்னைக்கு எதிரே அதையே செய்துபார்த்தபோது, மிதவையைக் கரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. அந்தத் தூரத்துக்குக் குழாய் போட்டுத் தி. நகர் துணிக்கடைகளைக் குளிர்விக்கலாம் என்பது சொல்லக் கேட்க இனிக்கும், கட்டுப்படியாகாது.

மிஞ்சுவது நம் கைவசம் உள்ள ஒரு நீர்: சுத்திகரித்த கழிவுநீர். நெசப்பாக்கத்திலும் பெருங்குடியிலும் குடிநீர் வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையங்கள் அன்றாடம் அதை வெளியேற்றுகின்றன. பெரிய குளிரூட்டு ஆலைகள் வெப்பத்தை வெளியேற்றுவது பெரும்பாலும் கோபுரங்களில் நீரை ஆவியாக்கித்தான்; ஒரு டன் குளிர்ச்சியை ஒரு மணி நேரம் கொடுப்பதற்கு ஏறக்குறைய 7 லிட்டர் நீர் ஆவியாகப் போய்விடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஒன்றரை டன் அளவுள்ள படுக்கையறைக்கு எட்டு மணி நேரம் முழு வீச்சில் கொடுத்தால் 80 லிட்டருக்கு மேல். 2019 ஜூனில் நான்கு ஏரிகளும் வறண்டு, நடுராத்திரியில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நகரத்தில், இந்த 80 லிட்டரைக் குடிநீரிலிருந்து எடுப்பேன் என்று சொல்லும் தைரியம் எந்தச் சர்க்காருக்கும் வராது, வரவும் கூடாது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை மறுசுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிற அனுபவம் வாரியத்துக்கு இருக்கிறது. அந்த அனுபவத்தைத் தெற்கே கொண்டுவர வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

நீரை ஓரிடத்தில் குளிர்வித்துத் தெருக்குழாய்களில் அனுப்பும் அத்தகைய ஆலை எப்படி இருக்கும் என்று அறியக் கடல் கடக்க வேண்டாம். தரமணி வரை போனால் போதும். சர்க்காரின் டிட்கோவும் எல்காட்டும் கூடிக் கட்டி, 2000 ஜூலையில் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்த டைடல் பூங்காவில், இரவில் குளிரைச் சேமித்து வைத்துப் பகலில் செலவிடும் ஏற்பாடு அன்றே செய்யப்பட்டது. அதற்குப் பக்கத்திலேயே, சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்காவிலும், காற்றாலையும் சூரிய ஒளியும் மின்சாரத்தைத் தாராளமாகக் கொடுக்கும் வேளையில் நீரைக் குளிர்வித்துத் தொட்டியில் வைத்துக்கொண்டு, மற்ற வேளையில் அதைச் சுற்றவிடுகிறார்கள். மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், குளிர்ந்த நீரைச் சேமிக்கும் தொட்டி மலிவு. தமிழ்நாட்டின் காற்றாலைகள் ஆடி மாதத்தில் சுழற்றி அடிக்கும் மின்சாரத்தைச் சில சமயம் வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் நிறுத்தி வைக்க நேர்கிறது என்ற குறை பழையது. குளிர்நீர்த் தொட்டி அதற்கு ஓர் உண்டியல் ஆகலாம். குஜராத்தில் காந்திநகர் அருகே கிஃப்ட் நகரத்தில் முழு வட்டாரத்துக்குமே குழாய்க் குளிர் கொடுக்கிறார்கள். ஆனால் அது வெறும் பொட்டலில் புதிதாகக் கட்டிய நகரம், தெருவுக்கு அடியில் சுரங்கமே வைத்துக் கட்டிவிட்டார்கள். நம்முடைய கஷ்டம் வேறு.

கஷ்டம் வேறு என்றாலும் தியாகராய நகருக்கு வேறெந்தப் பேட்டைக்கும் இல்லாத ஒரு சௌகரியம் இருக்கிறது. காலை பத்து மணி முதல் இரவு ஒன்பதரை வரை பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் ஏழடுக்குத் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் குளிரை விழுங்குகின்றன. கடைகள் கதவடைக்கும் நேரத்தில்தான் அவற்றுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் வீட்டுப் படுக்கையறைகள் ஏ.சி.யைப் போடுகின்றன. பகலில் கடைக்கும் இரவில் வீட்டுக்குமாக ஒரே ஆலை வேலை செய்யும். தனித்தனியே வாங்கி மாட்டும்போது இரண்டு பங்கு யந்திரம், இரண்டு பங்கு முதலீடு. அடையாறு அடுத்தது: புற்றுநோய் மருத்துவமனையும் ஐ.ஐ.டி.யும் தோல் ஆராய்ச்சி நிலையமும் அடுத்தடுத்து நிற்கின்றன; பகலிரவு பேதமின்றிக் குளிர் வேண்டியவர்கள் ஆலைக்கு நல்ல வாடிக்கைக்காரர்கள். மயிலாப்பூரைச் சேர்க்க எனக்கு ஆசைதான். ஆனால் மாடவீதியின் சந்துகளில் இன்னொரு குழாய்க்கு இடமில்லை. அங்கே மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சும், பழைய முற்றங்களை அடைக்காமல் விடுவதும், ஜன்னலுக்கு மேல் தாழ்வாரமும் குழாயைக் காட்டிலும் அதிக நன்மை செய்யும்.

வீடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரின் தெங்கா என்னும் புதிய குடியிருப்பில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் எஸ்.பி. குழுமமும் சேர்ந்து அடுக்குமாடி வீடுகளுக்கே மாடியிலிருந்து குளிர்நீர் அனுப்பும் திட்டம் வகுத்தார்கள். திட்டமிடுவதில் அந்நாட்டாரை மிஞ்ச ஆளில்லை. அப்படியிருந்தும் 2023-இல் குடிவந்தவர்கள் குழாயில் நீர் கசிகிறது, சுவரில் வியர்க்கிறது, அறை போதிய அளவு குளிரவில்லை என்று புகார் சொன்னார்கள். நிர்வாகம் வீடு வீடாகப் போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. கடைக்காரர் கசிவை ஒரு செலவாக எழுதிக்கொள்வார். வீட்டுக்காரர் அதை மாமியார் காலத்து மரப்பீரோவில் விழுந்த கறையாக நினைவு வைத்துக்கொள்வார். ஆகவே முதலில் கடைகள், அலுவலகங்கள், மருத்துவமனைகள். குழாய் பழகிய பின்னர், புதிதாக எழும் அடுக்குமாடிகள். பழைய வீடுகள் விரும்பினால் மாத்திரம் என்ற கிரமத்தில் போவதே விவேகம்.

இனி, யார் செய்வது என்ற கேள்வி. சர்க்காரே செய்யட்டும் என்போரும், தனியாரிடம் விட்டால் பறந்துவிடும் என்போரும், நம் நகரத்தின் இரண்டு பழைய கம்பெனிகளின் கதையை நினைத்துப் பார்ப்பது நல்லது. 1895-இல் மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. மயிலாப்பூர் வரைக்கும் தண்டவாளம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பொரேஷன் என்னும் கம்பெனி, சர்க்கார் லைசென்ஸ் பெற்று, பேசின் பிரிட்ஜில் நிலையம் வைத்து, வீடுகளுக்கு விளக்கேற்றியது. இரண்டும் தனியார் முதல், இரண்டும் பொதுத் தெருவை உபயோகித்தவை. மின்சாரக் கம்பெனியை 1947-இல் சர்க்கார் வாங்கிக்கொண்டது. கம்பிகள் இருந்த இடத்திலேயே இருந்தன, விளக்குகளும் தொடர்ந்து எரிந்தன. டிராம் கம்பெனியை ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. நஷ்டத்தில் மூழ்கி 1953 ஏப்ரலில் நின்றது. ஏறத்தாழ அறுபதாண்டுக் காலம் ஊரார் ஏறி இறங்கிய வண்டிகள் பழைய இரும்பாயின. கம்பெனிக்காரர்கள் கெட்டவர்களும் அல்லர், நல்லவர்களும் அல்லர். தெருவில் புதைத்த சொத்து கடைசியில் யாருடையது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்களா என்பதில்தான் வித்தியாசம்.

நம் காலத்துக் கூட்டுறவுகளும் அதையே சொல்கின்றன. 2000-இல் ஓனிக்ஸ் என்ற அந்நியக் கம்பெனி தென்சென்னையின் சில வட்டங்களில் குப்பை வார வந்து, தெருக்கள் துலங்கின என்று நல்ல பெயர் எடுத்தது. ஒப்பந்தம் முடிந்ததும் 2007-இல் வேறொரு கம்பெனி, அதன் பின் மற்றொன்று. குப்பைவண்டியை ஓட்டிப் போய்விடலாம். குழாயை ஓட்டிப் போக முடியாது. மீஞ்சூரில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கட்டி நடத்தி 25 ஆண்டில் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 2010-இல் திறக்கப்பட்டது; அதைக் கட்டிய இரு பங்காளிகளில் ஒன்றான ஐ.வி.ஆர்.சி.எல். பிற்பாடு திவால் நீதிமன்றத்தின் வாசலுக்குப் போயிற்று. டொராண்டோவிலோ இதற்கு நேர் எதிர்: ஏரிக் குளிரின் கம்பெனியில் நகரசபைக்குக் கணிசமான பங்கு இருந்தது, 2012-இல் அதை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள், அது சில ஆண்டுகளில் மறுபடி கைமாறியது. விற்ற பணம் ஒரு தடவை வரும். குளிருக்கான கட்டணத்தை ஜனங்கள் ஆண்டாண்டும் கொடுக்க வேண்டும். பாரிஸ் நகரம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது: செய்ன் நதியின் துணையோடு லூவ்ர் அருங்காட்சியகம் உள்படப் பல கட்டடங்களுக்குக் குளிர் கொடுக்கும் குழாய்வலையை, 2022-இல் 20 ஆண்டுக்கு மாத்திரம், எஞ்சி நிறுவனமும் பாரிஸ் போக்குவரத்து ஸ்தாபனமும் சேர்ந்த கூட்டுக் கம்பெனியிடம் நடத்தக் கொடுத்தது; வலையை எவ்வளவு தூரம் விஸ்தரிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே கட்டிப்போட்டது.

நமக்கும் அதுதான் வழி. தெருவின் கீழே போகும் குழாய் மாநகராட்சியின் அல்லது குடிநீர் வாரியத்தின் சொத்தாகவே என்றைக்கும் இருக்கட்டும். குளிர்விக்கும் ஆலையைத் தனியார் தம் முதலில் கட்டி, இத்தனை ஆண்டு நடத்தி, நல்ல நிலையில் ஒப்படைக்கட்டும். கழிவுநீரைத் தருவது வாரியத்தின் கடமை. கடைக்காரர்களும் மருத்துவமனைகளும் இத்தனை ஆண்டு வாங்குவோம் என்று முன்கூட்டிக் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் எந்த வங்கியும் கடன் கொடுக்காது. கட்டணத்தைக் கம்பெனியும் அதிகாரியும் அறைக்குள் உட்கார்ந்து நிர்ணயிக்கலாகாது. மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் பகிரங்க விசாரணை நடத்துகிறது; குளிர்நீருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும். வருமானத்தில் ஒரு பங்கு, ஏ.சி. வாங்க வகையற்றவர்களுக்காக ஒதுக்கப்பட வேண்டும் என்பதையும் நான் வற்புறுத்துவேன்: உணவு கொண்டுபோகும் இளைஞர்களுக்காக அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் மாநகராட்சி 2025-இல் திறந்த குளிர்சாதன ஓய்வறைகளைப் போல, நொச்சிக்குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும், கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் மத்தியானத்தில் வந்து படுத்து எழுந்து போகும் பொதுக் கூடங்கள், அதே குழாயிலிருந்தோ அதன் வருமானத்திலிருந்தோ.

காலம் ஒன்றுதான் நமக்கு எதிராக இருக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காகப் பனகல் பூங்காவும் அடையாறும் இப்போது தோண்டப்பட்டுக் கிடக்கின்றன. நிலத்தடி நிலையங்களுக்கே பெரிய குளிரூட்டு யந்திரங்கள் வரப்போகின்றன. பள்ளம் திறந்திருக்கும்போதே, இன்றைக்கு ஆலை இல்லாவிட்டாலும், இரண்டு வெற்றுக் குழாய்களைப் போட்டு மூடிவிட்டால் செலவு சொற்பம்; தார் போட்டு முடித்த பிறகு அதே தெருவை மறுபடி வெட்டினால், மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் எரிவாயுவுக்கும் வெட்டியதைப் பொறுத்துக்கொண்ட தி. நகர்வாசிகள் இந்தத் தடவை பொறுக்க மாட்டார்கள். மெட்ரோ நிறுவனமும் குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் மின்வாரியமும் ஒரே மேஜையில் உட்கார வேண்டிய காரியம் இது. உட்கார வைக்கும் அதிகாரம் தலைமைச் செயலாளர் ஒருவருக்கே உண்டு. குழாய் வந்து, கம்பெனி வந்து, ஆணையத்தின் முன்பாகக் கட்டண விசாரணை நடக்கும் நாளில், இந்த விலை ஏன், இந்தக் கசிவுக்கு யார் பொறுப்பு என்று எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்வதற்கு, குழாய் போகாத மயிலாப்பூரிலிருந்துகூட ஆட்கள் வந்துவிடுவார்கள். அந்த விஷயத்தில் நமக்குப் பற்றாக்குறை என்பது ஒருபோதும் இருந்ததில்லை.